கால் படாத தீவு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பசிபிக்கில் நியுவே என்ற தீவுக்குப் போய்வந்ததைப் போகிறபோக்கில் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். மனிதன் கால் படாத, கெட்டுப்போகாத ஒரு பவளத்தீவை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். கொஞ்சம் பணமும் சேர்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர், "நீ போனால் அதுவும் கெட்டுவிடும், போகாமல் இருப்பதுதான் நீ செய்யும் உதவி" என்கிறார். போகலாமா? படங்களில் பார்ப்பது போலத்தான் இருக்குமா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

போகலாம். ஆனால் 'கால் படாத' என்பதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்படி ஒரு தீவைத் தேடிப் போனால் கிடைப்பவை விசித்திரமானவை. ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கி.மீ. தள்ளிப் பல்மைரா என்றொரு வளையத்தீவு இருக்கிறது. பவளம் செழித்த இடம், ஊர் என்று எதுவும் இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை அதன் காயலைத் தோண்டி ஆழப்படுத்தி, ஓடுதளம் போட்டது. மனிதர்களோடு வந்து பெருகிய எலிகளை 2011இல்தான் ஒழித்தார்கள். இப்போது அது காப்பகம், நினைத்தபடி யாரும் போய் இறங்க முடியாது. இன்னொன்று மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி. 1946இல் அமெரிக்கர்கள் அங்கிருந்த 167 பேரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, 1958 வரை 23 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். 1954ஆம் ஆண்டு குண்டு பவளத்திட்டில் சுமார் 2 கி.மீ. அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. அந்தப் பள்ளத்தில் இன்று பவளம் வளர்ந்திருக்கிறது, மீனும் இருக்கிறது. பிடிக்க ஆளில்லையே! 'ஆளில்லாத சொர்க்கம்' என்று யாராவது எழுதினால், ஆட்கள் எங்கே போனார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நியுவேயில் ஆட்கள் இருக்கிறார்கள். சுமார் 1,700 பேர், 14 ஊர்கள், 260 சதுர கி.மீ. அந்தக் கடல் இன்னும் நன்றாக இருப்பதற்குக் காரணம் பாதி பாறை, பாதி அந்த மனிதர்கள்.

பாறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிமலை மெல்ல அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளம் வளையமாக மிஞ்சும் என்பது டார்வின் 1842இல் சொன்ன விளக்கம். நியுவேயும் அப்படி உருவான வளையம்தான். ஆனால் பசிபிக் கடலைச் சுமக்கும் புவித்தட்டு, டோங்கா அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தில் போய்ச் சரிவதற்கு முன் லேசாகப் புடைத்து எழுகிறது. அந்தப் புடைப்பின் மேல் வந்து சேர்ந்ததால் வளையம் மொத்தமும், நடுவிலிருந்த காயலோடு சேர்த்து, கடலுக்கு மேலே தூக்கப்பட்டுவிட்டது. இன்று நடுமேட்டின் உயரம் 60 மீட்டருக்கு மேல். சாலையோரம் வெட்டிய பாறையைக் குனிந்து பார்த்தால் பழைய பவளத்தின் அறை அறையான வடிவம் அப்படியே தெரியும். அதன் மேல் காடு நிற்கிறது, சேம்பு விளைகிறது.

ஆகவே நீங்கள் படங்களில் பார்த்தது நியுவேயாக இருக்க வாய்ப்பு குறைவு. வெண்மணல் கரையும் பச்சைக் காயலும் வேண்டுமென்றால் போரா போராவோ ஐடுடாகியோ போங்கள். இங்கே பெரும்பாலும் செங்குத்துப் பாறைதான் கரை, மணல் சொற்பம். பாறையடியில் ஒட்டினாற்போல ஒரு குறுகிய பவளமேடை, அதைத் தாண்டினால் கிடுகிடு ஆழம். மீன் வகைகளிலும் இந்தோனேசியாவோடு போட்டி போட முடியாது. ஆனால் தண்ணீர்! தீவில் ஆறு இல்லை, ஓடை இல்லை. பெய்த மழையைச் சுண்ணாம்புப் பாறை அப்படியே குடித்துவிடுவதால் கடலுக்குச் சேறு போவதில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு, கரையோரப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் லிமு குளங்களில் தலையை நுழைத்தால், நடுவில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கடுவாலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கறுப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்ட கடல்பாம்பு, உலகில் நியுவேயில் மட்டும் உண்டு. விஷம் கடுமையானது, கடிக்கும் எண்ணம்தான் அதற்கு இல்லை. நான் மிதந்துகொண்டிருந்தபோது கீழே பவள இடுக்கில் சுருண்டிருந்த ஒன்று, மூச்சு வாங்குவதற்காக நேராக மேலே வந்தது. துடுப்பைப்போலத் தட்டையான வாலை அவசரமில்லாமல் ஆட்டியபடி என் கண்ணாடியருகே நின்றது, மூக்கை மட்டும் காற்றில் நீட்டியது, இறங்கிப்போனது. என் நெஞ்சு அடித்ததை அது பொருட்படுத்தவே இல்லை. நீருக்கடியில் மட்டுமே வாசல் உள்ள குகைகளுக்குள், காற்று தேங்கிய இடங்களில் அது முட்டையிடுகிறது.

இனி மனிதர்கள். துறைமுகம் கிடையாது. தலைநகர் அலோஃபியில் ஒரு துறைமேடை, அதன் மேல் ஒரு கிரேன். மீன்பிடித்துத் திரும்பும் படகைக் கயிற்றில் கட்டித் தூக்கி, சொட்டச் சொட்ட வண்டி மேல் இறக்கிவைக்கிறார்கள். காலையில் அதே கிரேன் மறுபடி தண்ணீரில் விடும். இப்படிச் சிரமப்பட்டுக் கடலுக்குப் போகிற ஊரில் கண்டபடி அள்ளிக்கொண்டு வருவது நடக்காது.

அதற்கு மேல் கட்டுப்பாடுகள். 'ஃபோனோ' என்பார்கள்: பவளமேடையின் ஒரு பகுதியை ஊரார் கூடி, இத்தனை நாளுக்கு யாரும் தொடக்கூடாது என்று அடைத்துவிடுவது. கலோவாமா என்ற நவரை இனக் குஞ்சுகள் கரைக்கு வரும் பருவத்தில் சில இடங்களில் குளிக்கக்கூடத் தடை. பணம் கொடுத்து வந்த பயணியாயிற்றே என்றால் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை படகும் இல்லை, மீன்பிடிப்பும் இல்லை. 2022இல் தங்கள் கடல் எல்லை முழுவதையும், 3 லட்சம் சதுர கி.மீ.க்கும் மேல், பாதுகாப்புப் பூங்காவாகச் சட்டம் செய்தார்கள். அதில் 40 விழுக்காட்டில் மீன்பிடிக்கவே கூடாது. இதற்குச் செலவாகுமே என்று, ஒரு சதுர கி.மீ.யை 20 வருடம் காக்க 250 நியூசிலாந்து டாலர் என வெளியாரிடம் நன்கொடை கேட்டார்கள். பெரிய நாடுகள் மாநாட்டில் பேசிக்கொண்டிருப்பதை ஒரு சின்னக் கிராமப் பஞ்சாயத்து அளவு ஜனத்தொகை செய்து காட்டுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் குரூர மகிழ்ச்சி உண்டு.

அங்குள்ள அமைதிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1960களில் 5,000 பேர் இருந்த தீவு இது. விமான நிலையம் வந்தது, கையில் நியூசிலாந்துக் குடியுரிமை இருந்தது, ஏறிப் போய்விட்டார்கள். இன்று நியூசிலாந்தில் நியுவே மக்கள் சுமார் 30,000 பேர். ஊருக்கு ஊர் பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பார்ப்பீர்கள். ஜன்னல் வழியாகச் செடி உள்ளே போய்க்கொண்டிருக்கும். பயணக் கட்டுரைகள் இதைத்தான் 'பரபரப்பில்லாத வாழ்க்கை' என்று எழுதுகின்றன.

உங்கள் நண்பர் சொல்வதற்கு வருகிறேன். அவர் பயப்படுவது உங்கள் காலடிக்கு. உண்மையில் அந்தப் பவளத்துக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. 2004 ஜனவரியில் ஹேட்டா புயல் எழுப்பிய அலைகள் 30 மீட்டர் உயரப் பாறைக்கு மேலேறி மருத்துவமனையையும் அருங்காட்சியகத்தையும் அடித்துப்போயின. மேற்குக் கரைப் பவளம் நொறுங்கிச் சரளையானது, மெல்லத்தான் மீள்கிறது. கடல் சூடாவதால் பவளம் வெளுப்பது உலகளவில் நான்காவது முறையாக நடக்கிறது என்று 2024இல் அறிவித்தார்கள். அந்தச் சூட்டில் நாம் ஏறிப் போகும் விமானத்தின் பங்கும் உண்டு, இதில் நண்பர் சொல்வது சரிதான். என்னிடம் இதற்குச் சாமர்த்தியமான பதில் இல்லை. போவதானால் மூன்று நாட்டை ஒரே மூச்சில் தொட்டுவிட்டு வராமல், ஒரே இடத்தில் நிறைய நாள் இருங்கள். ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியில் தங்கி, அவர்களையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் ஒரு வீட்டையாவது திறந்து வைத்திருக்கும்.

மற்றவை: ஆக்லாந்திலிருந்துதான் விமானம், மூன்றரை மணி நேரம். ஆகவே நியூசிலாந்து விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வருவதால் சனிக்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குவீர்கள், விடுதிப் பதிவில் இதைக் கவனியுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம், ஆழம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. கெட்டி அடிப்பாகம் உள்ள ரப்பர் செருப்பு கட்டாயம். எங்கே இறங்கினாலும் இங்கே ஃபோனோ இருக்கிறதா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், ஞாயிறு காலை யாராவது தேவாலயத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். முடிந்ததும் சாப்பிடவும் கூப்பிடுவார்கள். சேம்பையும் பப்பாளியையும் அடுக்கடுக்காக வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுடும் 'தகிஹி' இருந்தால் கூச்சப்படாமல் இரண்டாம் தரமும் கேளுங்கள்.