எந்த ஐடி சான்றிதழை முதலில் எழுதுவது?

காரைக்குடியில் கணினிப் பராமரிப்பு வேலையில் இருப்பதாகவும், அடுத்து சிசிஎன்ஏவா (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்), லினக்ஸா, கிளவுடா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் போக விரும்பும் வேலைக்கான பத்து விளம்பரங்களைப் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயரே உங்களுக்கானது. நாள் முழுக்க ஸ்விட்சும் ரவுட்டருமாக இருந்தால் சிசிஎன்ஏ; அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும்.

என் ஓட்டு ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏவுக்குத்தான். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. ஓடும் கணினியில் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும், டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும். மறுபடி பூட் செய்த பிறகும் எல்லாம் நிற்க வேண்டும், நின்றால்தான் மதிப்பெண். தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன்களைக் கடையில் உட்கார வைத்தே கணக்கு பழக்கிய ஊருக்கு இந்த முறை புதிதல்ல.

கிளவுடில், மைக்ரோசாஃப்டின் அசூர் ஃபண்டமென்டல்ஸ் சான்றிதழ் காலாவதியாவதில்லை. ஆனால் அது அறிமுகப் பாடம்தான். அதை மட்டும் காட்டிச் சம்பள உயர்வு கேட்காதீர்கள்.