வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, என்ன செய்வேன்?

கேள்வி: எனக்கு 26 வயது. ஜவுளிக்கடையில் வேலை. நிச்சயம் செய்த இடம் முறிந்துபோனது. அந்த மாப்பிள்ளை கேட்டார் என்று முன்பு நானே அனுப்பிய படங்களை இப்போது போலி இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டு, என் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புகிறார். ஒரு வக்கீல் 30,000 ரூபாய் கேட்டார். ‘நீயே அனுப்பியதுதானே, கேஸ் நிற்காது’ என்றும் சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தெரியாது. (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ‘நீயே அனுப்பியதுதானே’ பேச்சை முடித்துவிடுவோம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின் விளக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மற்றவர்களுக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம்தான். முதல் முறைக்கே குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. படத்தைப் பொறுத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகளும் சேரும். நீங்கள் நம்பியது குற்றமே இல்லை.

அடுத்து, பணம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 15100-க்குப் போன் செய்யுங்கள். வக்கீலின் கட்டணத்தை ஆணைக்குழுவே கொடுக்கும். அவர் உங்களிடம் காசு கேட்டால் அங்குள்ள செயலாளரிடம் சொல்லுங்கள். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி.

போலீஸ் வழக்கு போட்டபின் நீதிமன்றத்தில் அதை நடத்துவது அரசு வழக்கறிஞர். அதற்கும் காசு இல்லை. அப்புறம் நமக்கென்று ஒரு வக்கீல் எதற்கு? புகாரைச் சரியான பிரிவுகளோடு எழுத, எஃப்.ஐ.ஆர். போடாமல் இழுத்தடித்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட, படத்தை நீக்கத் தேவைப்பட்டால் உயர் நீதிமன்றம் வரை போக.

நானும் அந்த ஆணைக்குழுப் பட்டியலில் இருக்கும் வக்கீல்தான். ஒருமுறை ஒரு பெண் போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தாள். மேஜையில் வைத்தாளே தவிர, பிரிக்க மனம் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் மெசேஜ், படம், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் வெட்கத்தில் அழித்திருந்தாள். அந்த வழக்கில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், எதையும் அழிக்காதீர்கள். போலிக் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படம் கிடைத்த சொந்தக்காரர்களில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்த மெசேஜை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவனோடு பேரம் பேச வேண்டாம்.

இதையெல்லாம் எடுத்து வைத்தபின் இன்ஸ்டாகிராமில் புகார் கொடுங்கள். புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று, 2026-இல் திருத்தப்பட்ட 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதியிலேயே இருக்கிறது. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளமும் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஓர் எண் மட்டும் போகும். அதை வைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரி அதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படம் மறுபடி ஏறாமல் தடுக்கப் பார்க்கும்.

பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். 77-வது பிரிவில் ஒரு பெண் கொடுக்கும் புகாரைப் பெண் காவலரோ வேறு பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும். எதிரே ஆண் போலீஸ் உட்கார்ந்தால், ‘பெண் போலீஸை வரச் சொல்லுங்கள்’ என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையோடு வாங்கி வாருங்கள்.

அப்பா விஷயம். உங்களுக்கு 26 வயது. எங்கேயும் அவர் கையெழுத்து தேவையில்லை. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வீட்டுக்குக் கடிதம் வர வேண்டாம், இந்த நம்பரில் மட்டும் கூப்பிடுங்கள் என்று முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், கடையில் கூட வேலை செய்யும் தோழி ஒருத்தியை அழைத்துப் போங்கள்.