யாரு வெட்டினது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருடம் படிக்கிறேன். செமினாருக்கு "அமெரிக்கா வல்லரசான கதை" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். 1890-லிருந்து 1920-க்குள் அவர்கள் உள்நாட்டில் கலப்பட உணவு, குழந்தைத் தொழிலாளர், அரசியல் ஊழல் என்று ஒவ்வொன்றாகச் சீர்திருத்திக்கொண்டே வெளியில் கியூபா, பிலிப்பைன்ஸ், பனாமா என்று வளர்ந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டை முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் உலகத்துக்கு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களால் முடியாத பனாமா கால்வாயைப் பத்தே வருடத்தில் அமெரிக்கர்கள் வெட்டி முடித்தது இதற்குச் சரியான உதாரணம். என் கேள்விகள் மூன்று. உள்நாட்டுச் சீர்திருத்தம்தான் வல்லரசு ஆகக் காரணமா? அப்போதைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நல்லவரா கெட்டவரா? இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

ச., துறையூர்

அன்புள்ள தம்பி,

உன் வயசுல எனக்கு மகன் இருக்கான், அதனால நீ வா போன்னே எழுதறேன், தப்பா எடுத்துக்காத. செமினார் கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதறதில்ல, அது உன் கைடும் லைப்ரரியும் பாத்துக்க வேண்டிய வேலை. ஆனா உன் கடிதத்துல ஒரு வரி ரெண்டு நாளா மனசுல உக்காந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது, கொஞ்ச மாசமா நான் யோசிச்சிட்டிருக்கற விஷயத்துல நேரா வந்து இடிச்சிருச்சு. அதுக்குத்தான் இந்த பதில். மத்ததை எல்லாம் முதல்ல சட்டுன்னு பாத்துடலாம்.

ரூஸ்வெல்ட் நல்லவரா கெட்டவரான்னு கேக்கறதை இன்னையோட விட்டுடு. எம்.ஏ. ரெண்டாம் வருஷத்துல கேக்கற கேள்வியா இது. "நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்" அதையும் விடு, என்ன நடந்துச்சுன்னே முழுசா தெரியறதுக்கு முன்னாடி பாடம் எடுக்க என்ன அவசரம் உனக்கு.

முதல் கேள்வி பரவாயில்ல, ஆனா வரிசையே தப்பா பிடிச்சிருக்க. வீட்டை சுத்தம் பண்ணிட்டு வெளிய வந்தாங்கன்னு எழுதற, தேதியை எல்லாம் ஒரு பேப்பர்ல வரிசையா போட்டு பாத்தியா? ஸ்பெயினோட சண்டை 1898. அந்த வருஷ டிசம்பர்ல பாரிஸ் ஒப்பந்தம், ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை எடுத்துக்கிட்டாங்க, கூடவே போர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளும். ஹவாயை சேத்துக்கிட்டதும் அதே வருஷம். அடுத்த வருஷம் பிலிப்பைன்ஸ்காரங்க எங்களுக்கு சுதந்திரம் வேணும்னு எதுத்து நின்னதும் அவங்களோடயே போர். கலப்பட உணவு, மருந்துக்கு எதிரா சட்டம் வந்தது 1906 ஜூன் 30. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1916, அதையும் 1918-ல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு தள்ளிருச்சு. நாடு முழுக்க பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடைச்சது 1920. சுத்தம் பண்ணது எப்ப, கிளம்பினது எப்ப? தொழில் உற்பத்தியில 1890-கள்லயே அவங்க பிரிட்டனைத் தாண்டியாச்சு, இரும்பும் கரியும் ரயிலும் இல்லாம எந்த சீர்திருத்தமும் யாரையும் வல்லரசு ஆக்கியிருக்காது.

ரெண்டும் ஒண்ணா நடந்துச்சுன்னு சொல்றல்ல, அது சரி, அதுல நீ பாக்க வேண்டிய ஆளு ரூஸ்வெல்ட் கூட இல்ல, ஆல்பர்ட் பெவரிட்ஜ்னு இண்டியானா செனட்டர். சிகாகோ கசாப்புத் தொழிற்சாலைகள்ல இறைச்சியை அரசாங்க ஆளு சோதிக்கணும்னு 1906-ல வந்த சட்டத்துக்கு அவருதான் முன்னால நின்னாரு. 1907 ஜனவரியில குழந்தைங்க மில்லுலயும் சுரங்கத்துலயும் படற பாட்டை, சத்தியப் பிரமாண வாக்குமூலங்களைப் படிச்சுப் படிச்சு செனட்ல மூணு நாள் பேசினாரு. உண்மையான அக்கறை, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. அதே மனுஷன்தான் 1900 ஜனவரியில அதே செனட்ல நின்னு பிலிப்பைன்ஸ் நம்மளுதுதான், அந்த ஜனங்களுக்கு தங்களைத் தாங்களே ஆண்டுக்கற தகுதி இல்லன்னு பேசினவரு. ஒரே வாய். அவருக்கு அதுல முரண்பாடே தெரியல தம்பி, அதைத்தான் நீ எழுதணும். எல்லாரும் அப்படின்னும் நினைச்சுக்காத, சிகாகோவுல ஹல் ஹவுஸ்ங்கற சேவை மையத்தை நடத்தி ஏழைங்களோடயே குடியிருந்த ஜேன் ஆடம்ஸ் 1899-ல பிலிப்பைன்ஸ் போருக்கு எதிரான கூட்டத்துல ஏறிப் பேசினாங்க. கண்ணு திறந்திருந்தவங்க அப்பவும் இருந்தாங்க.

இப்ப அந்த வரிக்கு வர்றேன். "பனாமா கால்வாயைப் பத்தே வருடத்தில் அமெரிக்கர்கள் வெட்டி முடித்தார்கள்."

யாரு வெட்டினது?

கோபப்பட்டுதான் கேக்கறேன். வரலாறு படிக்கிற பையன் வினைச்சொல்லை இவ்வளவு அலட்சியமா போடலாமா? 1904-லேர்ந்து 1914 வரைக்கும் அந்த வேலையில இருந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அமெரிக்கர்களே கிடையாது. பார்படோஸ்னு ஒரு சின்னத் தீவு, அங்கேர்ந்து மட்டும் ஒப்பந்தத்துல கிட்டத்தட்ட 20,000 பேரை கப்பல் ஏத்தினாங்க. ஜமைக்கா, மார்டினிக், இன்னும் பல தீவுலேர்ந்து வந்த கறுப்பினத் தொழிலாளிங்க, ஸ்பெயின்லேர்ந்து வந்த விவசாயக் கூலிங்க. கால்வாய்ப் பாதையில குறுக்க நின்ன குலேப்ரா மலையைப் பொளந்தது, டைனமைட் பெட்டியைத் தோள்ல சுமந்தது, பாறையில ஓட்டை போட்டு வெடிமருந்து கெட்டிச்சது, சேத்துல இடுப்பளவு நின்னு தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டது எல்லாம் இவங்க. அமெரிக்கர்கள் மண் அள்ளற நீராவி ஷவல் ஓட்டினாங்க, ரயில் எஞ்சின் ஓட்டினாங்க, பிளான் போட்டாங்க, மேற்பார்வை பாத்தாங்க. அதுவும் பெரிய வேலைதான், நான் இல்லங்கல. ஆனா வெட்டினதுன்னு சொல்லாத.

அங்க சம்பளப் பட்டியல் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு தங்கப் பட்டியல், இன்னொண்ணு வெள்ளிப் பட்டியல். அமெரிக்கர்களுக்கு அமெரிக்கத் தங்கக் காசுல சம்பளம், மத்தவங்களுக்கு உள்ளூர் வெள்ளிக் காசுல சம்பளம், அப்படித்தான் பேரு வந்துச்சு. அப்புறம் அது காசோட நிக்கல. போஸ்ட் ஆபீஸ்ல தங்க ஜன்னல், வெள்ளி ஜன்னல். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் தங்கம், வெள்ளி. தங்கத்துக்கு மேசை நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கூடம், கொசுவலை அடிச்ச வீடு, சம்பளத்தோட லீவு. வெள்ளிக்கு ஒரே பாரக்ஸ்ல 72 பேர், அடுக்கடுக்கா கேன்வாஸ் கட்டில், சாப்பாட்டுத் தட்டை வாங்கிட்டு எங்கயாவது நின்னோ குந்தியோ சாப்பிடணும். கூலி மணிக்கு 10 செண்ட், ஒரு நாளைக்கு 10 மணி நேரம். பேருக்குப் பதிலா நம்பர் அடிச்ச உலோக வில்லை, அதைக் காட்டினாத்தான் கூலி.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, ஏன்னு சொல்லிடறேன். 1994-லேர்ந்து 98 வரைக்கும் வளைகுடாவுல ஒரு துறைமுக வேலையில டைம் கீப்பரா இருந்தேன், கம்பெனி பேரு வேணாம். காலையில நாலரைக்கு கேம்ப் வாசல்ல உக்காந்து ரெண்டு ரெஜிஸ்டர் எழுதணும், ஒண்ணு ஸ்டாஃப், ஒண்ணு லேபர். ஸ்டாஃப் ரெஜிஸ்டர்ல முழுப் பேரு, லேபர் ரெஜிஸ்டர்ல டோக்கன் நம்பர். ஸ்டாஃபுக்கு ஏசி பஸ், லேபருக்கு ஜன்னல் கண்ணாடி கூட இல்லாத பஸ். மெஸ்ஸும் ரெண்டு. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், அதனால ஸ்டாஃப். எங்க ஊர்ல எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி இருந்தவரு, எனக்கு மாமா முறை, கம்பி கட்டற வேலை, அதனால லேபர். டோக்கன் நம்பர் 1173, நாலு வருஷம் தினமும் எழுதின நம்பர், மறக்குமா. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் மெஸ் வாசலுக்கு வந்தாரு, ஊர்லேர்ந்து லீவு முடிஞ்சு வந்த ஆளுகிட்ட எங்கம்மா பேசி அனுப்பின கேசட்டைக் கொடுக்கறதுக்கு. செக்யூரிட்டி உள்ள விடல. நான் பாத்தேன் தம்பி. கண்ணாடி வழியா நல்லா பாத்தேன். எந்திரிச்சுப் போகல. பக்கத்துல இன்ஜினியருங்க உக்காந்திருந்தாங்க, சோத்தை முடிச்சு, கை கழுவிட்டுத்தான் போனேன். அதுவரைக்கும் வெயில்லயே நின்னவரு, "சாப்டியா மாப்ள"ன்னுதான் முதல்ல கேட்டாரு.

சரி, பனாமாவுக்கு வர்றேன். நீ சொல்ற சீர்திருத்தத்துல ரொம்ப முக்கியமானது எட்டு மணி நேர வேலை. அரசாங்க வேலை செய்யற தொழிலாளிக்கு எட்டு மணி நேரம்தான்னு 1892-லயே அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவங்க பார்லிமென்ட், சட்டம் போட்டுருச்சு. கால்வாய் வேலை யாரோட வேலை? அரசாங்க வேலை. அப்ப சட்டம் அங்கயும் செல்லணுமா வேணாமா? 1906-ல அதே காங்கிரஸ் இன்னொரு சட்டம் கொண்டு வந்துச்சு, கால்வாய் வேலையில இருக்கற வெளிநாட்டுக் கூலிகளுக்கு எட்டு மணி நேரச் சட்டம் பொருந்தாதுன்னு. வருஷத்தை கவனி தம்பி, 1906. இறைச்சி சுத்தமா இருக்கணும், மருந்து பாட்டில்ல என்ன இருக்குன்னு லேபிள் ஒட்டணும்னு சட்டம் போட்ட அதே வருஷம், அதே காங்கிரஸ், கை தூக்கின கைங்கள்ல பாதி அதே கையாத்தான் இருக்கும். அதனால சீர்திருத்தம் ஒரு பக்கம், வல்லரசு ஒரு பக்கம்னு ரெண்டு அத்தியாயமா நீ பிரிக்க முடியாது. எட்டு மணி நேரம் யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாதுன்னு கோடு போட்டதுலதான் ரெண்டும் சேர்ந்து நிக்குது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிச்சு எழுது, உன் செமினார் அதுதான். வேற எதையும் எழுதலன்னாலும் பரவாயில்ல.

கால்வாய் வேலையில சுகாதாரப் பொறுப்பு பாத்த அமெரிக்க ராணுவ டாக்டர் கோர்காஸ் பத்தி நீ எழுதுவ, எழுது, எழுதணும். கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புதுன்னு கியூபா டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லயே சொன்னாரு, 1900-ல அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட் குழு கியூபாவோட ஹவானாவுல அதை நிரூபிச்சுது, கோர்காஸ் பனாமாவுல வீடு வீடா புகை போட்டு, தேங்கின தண்ணியில எண்ணெய் ஊத்தி, ஊருக்குக் குழாய்த் தண்ணி வரவெச்சு ஒண்ணரை ரெண்டு வருஷத்துல மஞ்சள் காய்ச்சலையே ஒழிச்சாரு. பிரெஞ்சுக்காரங்க காலத்துல 20,000 பேருக்கு மேல செத்த இடம் அது. கும்பிட வேண்டிய வேலை. ஆனா வெள்ளிப் பட்டியல் ஆளுங்களை ஆரம்ப வருஷங்கள்ல அதிகமா கொன்னது நிமோனியா. மழையில நனைஞ்ச துணியோட, மாத்திக்க இன்னொரு துணி இல்லாம, நெருக்கியடிச்சுப் படுத்தவங்க. அமெரிக்கர் காலத்துல ஆஸ்பத்திரிக் கணக்குப்படி நோயிலயும் விபத்துலயும் செத்தது 5,609 பேர், அதுல 4,500 பேர் கிட்ட மேற்கிந்தியத் தீவுக்காரங்க, வெள்ளை அமெரிக்கர் சுமார் 350.

உன் செமினார்ல வெள்ளைக் கப்பற்படை கண்டிப்பா வரும், வரலன்னா சேத்துக்க. 16 போர்க்கப்பலுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு, நாங்க வந்துட்டோம்னு உலகத்துக்குக் காட்ட 1907 டிசம்பர்ல ரூஸ்வெல்ட் அனுப்பினாரே, அந்தப் படை நம்ம பக்கமும் வந்துச்சு, 1908 டிசம்பர் 13 கொழும்பு துறைமுகம். அதுக்கு முந்தின நாள் டிசம்பர் 12, பனாமாவுல பாஸ் ஒபிஸ்போங்கற இடத்துல, பாறையில கெட்டிச்சிருந்த சுமார் 22 டன் டைனமைட் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு 23 பேர் செத்தாங்க. இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுக்க. வெளக்கவுரை எதுவும் வேணாம்.

1963-ல, அப்ப உயிரோட மிச்சம் இருந்த அந்தத் தொழிலாளிங்களுக்கு ஒரு போட்டி வெச்சாங்க, உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்கன்னு. எழுபது எண்பது வயசுக் கிழவங்க, கையைக் காலை இழந்தவங்க, நூறு பேருக்கு மேல எழுதினாங்க. கிடைச்சா தேடிப் படி, நான் உனக்கு சொல்றதை விட அதுல நிறைய இருக்கு. அம்பது வருஷம் கழிச்சுத்தான் அவங்களை ஒருத்தர் கேட்டாங்க.

எங்க மாமா இந்தத் தை மாசம் போய்ச் சேந்துட்டாரு. காரியத்துக்குப் போனேன். அவரு டிரங்குப் பெட்டியைத் தொறந்தப்ப பேரன் ஒரு தகர வில்லையை எடுத்துட்டு வந்து "இது என்ன தாத்தா"ன்னு என்கிட்ட கேக்கறான், 1173. உங்க தாத்தா ஒரு துறைமுகம் கட்டினாரு, அதோட நம்பருன்னு சொன்னேன். எந்தத் துறைமுகம்னு கேட்டான், பேரு சொன்னேன், போன்ல தேடிப் பாத்துட்டு "இதுல வேற யாரோ கட்டினதா போட்டிருக்கு"ங்கறான். அதுக்கப்புறம் ஒரு வாரத்துல உன் கடிதம் வருது.

அந்த வரியை அடிச்சுட்டு மறுபடி எழுதி அனுப்பு தம்பி. செமினார் எப்பன்னு சொல்லல, தேதியையும் எழுது, அதுக்குள்ள படிச்சுப் பாத்துத் தர்றேன்.