போயிட்டு வர்றேன்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். வயது 29. எனக்கு ஐந்து வயதானபோது அம்மா மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பாட்டிதான் வளர்த்தார். அப்பா குடிப்பார், அடிப்பார். இப்போதெல்லாம் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இணையத்தில் சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய பத்துக் கேள்விகள் பார்த்து பதில் போட்டேன். நான்கு மதிப்பெண் வந்தது. நான்கும் அதற்கு மேலும் என்றால் மனச்சோர்வு முதல் எல்லா ஆபத்தும் பல மடங்கு என்று போட்டிருந்தது. என் வாழ்க்கை அப்போதே முடிவாகிவிட்டதா? மாத்திரையைத் தொடரலாமா?

அடுத்த மாதம் 15ஆம் தேதி நானும் 2 வருட ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் போகிறேன். மகளுக்கு மூன்று வயது. அவள் அழுதால் என்னால் கிளம்ப முடியாது. அதனால் விடியற்காலையில் தூங்கும்போதே போய்விடலாம் என்றிருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மகளுக்கு,

மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பத்துக் கேள்விகள் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தவை. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேல் கேட்டுத் திரட்டியது. 1998இல் முதல் கட்டுரை வந்தது. நான்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களிடம் மனச்சோர்வும் குடியும் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தை எண்ணிய கணக்கு. தனி ஒருவரின் வருங்காலத்தை இதை வைத்துச் சொல்லாதீர்கள் என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். செவ்வாய் தோஷம் என்று எவனோ சொன்னதைக் கேட்டுப் பெண்ணை வீட்டோடு வைத்திருக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படித்த பெண், உங்களுக்கு நீங்களே கைபேசியில் ஒரு தோஷம் கணித்துக்கொள்ளலாமா? இன்னொன்று. அப்பா அம்மா பிரிந்தார்களா, விவாகரத்தா என்ற கேள்வி அதில் உண்டு. தாய் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனாளா என்ற கேள்வி கிடையாது. உங்களுக்கு நடந்ததில் பெரியது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நிற்க. மகள் தூங்கும்போதே போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இனி உன்னை நீ என்றே சொல்கிறேன், என் மகளுக்கும் உன் வயதுதான்.

தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டு எப்படியம்மா கிளம்புவாய்? போகாதே என்று சொல்லவில்லை. இன்று பர்மாவில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று எனக்கும் தெரியும். போ. சொல்லிவிட்டுப் போ.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு வேலையும் போயிற்று, சேர்த்து வைத்ததும் போயிற்று. நம் ஆட்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் போய்க்கொண்டிருந்தார்கள். ஆத்தா படுத்த படுக்கை, அவரை விட்டு அம்மா வர முடியாது. அப்பா முன்னால் போய் இடம் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கு ஆறு வயது. கிளம்பும் நாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை, "வாடா, மொஹிங்கா வாங்கித் தர்றேன்" என்று தெருமுனைக்குக் கூட்டிப்போனார். மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்ட பர்மாக் காலைச் சாப்பாடு அது. முட்டையும் போட்டு வாங்கித் தந்தார். அது வழக்கமில்லை. திரும்பி வந்தபோது வாசலில் அப்பாவின் செருப்பு இல்லை. "கடைக்குப் போயிருக்காரு" என்றார்கள். சாயங்காலமும் கடைக்குத்தான். மறுநாளும் கடைக்குத்தான். மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாளிலிருந்து கேட்கவில்லை. "சமர்த்துப் புள்ள, மறந்துட்டான். சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று அத்தை அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மறக்கவில்லை. கல்யாணமான பிறகும், ராத்திரி மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நானும் எழுந்துபோய் வாசலில் அவள் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். இன்றும் வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்பா அங்கேயே இறந்துபோனார். அவர் போனதை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அந்த மொஹிங்காவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃப்ராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லரைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர். தாயைப் பிரிந்த பிள்ளைகளை அங்கே பார்த்துப் பார்த்து, பிறகு ஆஸ்பத்திரிகளில் அதையே ஆராய்ச்சியாகச் செய்தார். அவர் கண்டது இது. பிள்ளை முதலில் கதறும். பிறகு சோர்ந்து சுருண்டுகொள்ளும். அதன் பிறகு சிரிக்கும், சாப்பிடும், யாரிடமும் போகும். பிள்ளை பழகிவிட்டது என்று ஆஸ்பத்திரி நர்சுகள் நிம்மதி அடைந்தது இந்த மூன்றாவது கட்டத்தில்தான். பழகவில்லை, தாயின் மேல் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது என்றார் ராபர்ட்சன். 1952இல், தாய் கூட இல்லாமல் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வயதுப் பெண்ணைப் படம் பிடித்துக் காட்டியபோது டாக்டர்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். நாலாம் நாள் என்னைச் சமர்த்து என்றார்களே, அதன் அர்த்தம் இதைப் படித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ராபர்ட்சனும் அவர் மனைவியும் 1960களில் வேறொன்று செய்து பார்த்தார்கள். தாய் பிரசவத்துக்குப் போகும்போது பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே வரவழைத்துப் பழக்கினார்கள். அதன் போர்வை, பொம்மை, தாயின் படம் எல்லாம் கூடவே வந்தன. தாயைப் பற்றித் தினமும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகள் வருந்தின, ஆனால் உடையவில்லை. காப்பகத்தில் 9 நாள் விடப்பட்ட 17 மாதப் பையனோ, கூட்டிப்போக வந்த தாயைப் பார்த்து அலறி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவையெல்லாம் நாள்கணக்கு. உன்னுடையது இரண்டு வருஷம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்று ராத்திரியிலிருந்தே மகளைப் பாட்டியின் பக்கத்தில் படுக்க விடு. நீ எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று மூன்று வயதுக்குப் புரிகிற மாதிரி சொல். நாளைக்கும் கேட்பாள், திரும்பச் சொல். உன் பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிட்டுப் போ. தினமும் ஒரே நேரத்தில் பேச முடியுமா என்று வேலைக்கு எடுத்தவர்களிடம் இப்போதே கேட்டுவிடு. கிளம்பும் நேரம் பகலாக இல்லாவிட்டால் அவளை எழுப்பு. அழட்டும். உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழட்டும். அவள் அழுகைக்குப் பயந்துதானே திருட்டுத்தனமாகப் போகப் பார்க்கிறாய்? நீ போன பிறகு அவள் அழத்தான் போகிறாள், அதை நீ பார்க்காமல் இருப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பி வரும்போது பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாளானால், "அம்மாவைத் தெரியலையா?" என்று கேட்டு அவளை வதைக்காதே. காத்திரு.

நாம் யாரும் "போறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வர்றேன்"தான். போகும் சொல்லிலேயே திரும்பி வருவதையும் வைத்திருக்கிறோம். அதைக் கேட்கக் கொடுத்துவைக்காதது வீட்டில் சின்னப் பிள்ளை மட்டும்தான்.

அம்மா இறப்பதற்கு முந்தைய வருஷம், கேட்காமலே ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கு நீ வர்ற வரைக்கும் இருந்து சொல்லிட்டுப் போறேன்னுதான் உங்கப்பா நின்னாரு. கையில பெட்டியோட படியில நின்னாரு. நான்தான் போகச் சொன்னேன். நீ அழுவேன்னு."

மகளே, 15ஆம் தேதி என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அவளிடம் சொல்லிவிட்டாயா?