முடக்கு வாதம் இருக்கும் அம்மாவுக்கு ஈசிஜி, எக்கோ எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. ஆறு வருடமாக முடக்கு வாதம். மூட்டு டாக்டர் இந்த முறை ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), கொழுப்பு டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு நெஞ்சுவலியே வந்ததில்லை. மூட்டுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? பணம் பிடுங்கும் வேலையா?

பதில்: அந்த டெஸ்டுகளை எடுத்துவிடுங்கள் தம்பி. மீதியைப் பிறகு படித்தாலும் சரி.

நீங்கள் வெளியூரில் வேலையில் இருந்துகொண்டு, அம்மாவின் சீட்டை வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு சீட்டை எழுதித் தர எனக்குப் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் வரவில்லை. மூட்டுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது இன்சூரன்ஸ் கம்பெனிதான். அதுவும் பணம் தர முடியாது என்று அனுப்பிய கடிதத்தில்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். 2007-இல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, சாக்பீஸ் பிடிக்க வராது, பத்து மணிக்குமேல்தான் கை என் பேச்சைக் கேட்கும். குக்கர் மூடியைத் திறக்க வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். ஊரில் சரவாங்கி என்றார்கள். இரண்டு வருடம் கஷாயம் குடித்தேன். (சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். என் விரல் அதற்குள் கோணிவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.) பிறகு மதுரையில் ருமட்டாலஜி (மூட்டு வாத) டாக்டரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மாத்திரை, கொஞ்சம் ஸ்டீராய்டு. வலி தாங்காத நாளில் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன். கடைப் பையனுக்கு என் முகத்தைப் பார்த்தாலே அட்டையைக் கிழித்துத் தரத் தெரியும்.

2019 ஐப்பசி, விடாத மழை. விடிகாலை நாலரை மணிக்கு இடது தோளில் வலி வந்து எழுந்தேன். அந்தத் தோள் என்னை எழுப்புவது புதிதில்லை. கூடவே தாடையும் வலித்தது. எனக்குத் தாடை மூட்டிலும் வாதம் உண்டு, முறுக்கு கடித்தாலே தெரியும். அதனால் அதையும் பழைய கணக்கிலேயே சேர்த்தேன். ஒரு டைக்ளோஃபெனாக், ஒரு கேஸ் மாத்திரை. வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிட்டு, "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்றார். குடித்தேன். ஃபேன்கூடப் போடாத குளிரில் நைட்டி முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்த்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தைலத்தின் சூடு என்று நினைத்தோம்.

நெஞ்சுவலி? இல்லவே இல்லை. ஏதோ அடைத்தமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு இட்லிப் பானையை இறக்க முடியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மருமகள் நர்சிங் படித்தவள், கறிவேப்பிலை கேட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர், ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கீங்க? ஈசிஜி எடுத்தீங்களா?" என்றாள். "இது என் வாதம்மா, பழகினதுதான்" என்றேன். அவள் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி காகிதம் வெளியே வரும்போதே அந்த டியூட்டி டாக்டரின் முகம் மாறியது. வாயில் ஒரு பிடி மாத்திரையைப் போட்டு, மென்று முழுங்கு என்றார்கள். மாரடைப்புதான். மதியம் மதுரையில் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நாலரையிலிருந்து எட்டரை வரை நாலு மணி நேரத்தை ஓமத்தண்ணியில் விட்டிருந்தோம். இதயத்தில் ஒரு பகுதி இன்னும் சோம்பலாகத்தான் அடிக்கிறது.

இதய டாக்டர், "சுகர் இருக்கா? பிபி? வீட்டில் யாருக்காவது?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கொலஸ்ட்ரால் 168, நார்மல்தான். அதை நான் பள்ளியில் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

பில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். 2017-இல் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார். என் கோணல் விரலால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே, ஏற்கெனவே நோய் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அவரே டிக் அடித்திருக்கிறார். நான் படித்துப் பார்க்கவில்லை, அது என் தப்புதான். கம்பெனியின் கடிதத்தில் இருந்தது இது: பாலிசிதாரருக்கு 12 வருடமாக முடக்கு வாதம், அது இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு அறியப்பட்ட காரணி, அதை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறார், ஆகவே நிராகரிக்கப்படுகிறது. அறியப்பட்ட காரணியாம்! யாருக்கு அறியப்பட்டது? நகையை வைத்துத்தான் பில் கட்டினோம். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் வரை எழுதிப் பார்த்தேன், கையெழுத்து உன்னுடையதுதானே என்பதோடு முடிந்துவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மூட்டு டாக்டரிடம் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆமாம்மா, சொல்லியிருக்கணும். வெளியே எண்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, கைவீக்கத்தைப் பார்த்து அனுப்பவே நேரம் சரியாப் போகுது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையை ஒத்துக்கொண்ட மனிதர். அன்று அரைமணி நேரம் உட்காரவைத்து விளக்கினார்.

இது மூட்டில் தேய்மானம் இல்லையாம், உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய். மூட்டை வீங்க வைக்கிற அதே அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றி, ரத்தக்குழாயின் உட்சுவரையும் புண்ணாக்குகின்றன. அங்கே கொழுப்பு சீக்கிரம் படிகிறது, படிந்தது சீக்கிரம் வெடிக்கவும் செய்கிறது. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார், மற்றவர்களுக்குப் போடும் இதய அபாயக் கணக்கில் வரும் எண்ணை முடக்கு வாதக்காரர்களுக்கு 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் டாக்டர்கள் பயன்படுத்தும் கியூரிஸ்க் கணக்கில் சுகர், புகை மாதிரி இதற்கும் ஒரு கட்டம் உண்டு. கணக்கு டீச்சரான எனக்கு இந்த ஒன்றரைப் பெருக்கல் பன்னிரண்டு வருடம் தெரியாமல் போனதுதான் வயிற்றெரிச்சல்.

என் 168-க்கும் காரணம் சொன்னார். நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது கொலஸ்ட்ரால் எண் இறங்கியே காட்டும், ஆனால் அபாயம் இறங்காது. மருந்து பிடித்து வீக்கம் வடிந்தால் எண் கொஞ்சம் ஏறக்கூடும். அம்மாவின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்டுகளில் எவ்வளவு என்றும் பாருங்கள்.

"நெஞ்சுவலியே வந்ததில்லை" என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வந்தது. முடக்கு வாதக்காரர்கள் நெஞ்சுவலி என்று சொல்வது மற்றவர்களைவிடக் குறைவு, தெரியாமலேயே வந்துபோன மாரடைப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். எப்போதும் எங்கேயாவது வலிக்கிற உடம்பில் புது வலியை யார் தனியாகப் பிரிப்பது?

வலி மாத்திரை விஷயமும் உண்டு. ரோஃபெகாக்ஸிப் என்ற மாத்திரையை மாரடைப்பு அபாயத்தால்தான் 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் என்ற வலி மாத்திரைகள் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன, அவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. ஸ்டீராய்டு நாள்பட்டால் பிபியையும் சுகரையும் ஏற்றும். உடனே அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் அது வேறு ஆபத்து. வாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வீக்கத்தை அடக்கிவைப்பதே இதயத்துக்கும் நல்லது. பயமுறுத்துகிறேன் என்று கருத்துப் பகுதியில் எழுதப்போகிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை, பட்டவள். முடக்கு வாதம் உள்ள எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

கைரேகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ரேஷன் கடை மெஷினில் என் கட்டைவிரல் தட்டையாகப் படியாது. "நல்லா அழுத்தும்மா" என்று என் விரலைப் பிடித்து அமுக்குவார்கள், உயிர் போகும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அரைக்கிலோ துவரம்பருப்பை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த நாளும் உண்டு. எங்கள் மாதிரி விரல்களை வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் அந்த மெஷினை வாங்கினார்களா?

சரி, அம்மா விஷயம். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இதயம் காப்போம் திட்டம், 2023-இல் வந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டேட்டின், மொத்தம் 14 மாத்திரை. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த நிலையம் என்று அம்மாவுக்குக் காட்டி வையுங்கள், 108 எண் அவருக்கும் தெரியும்தானே?

டெஸ்டுக்குப் போகும்போது, டிரெட்மில்லில் ஓடவைக்கும் டிஎம்டி எழுதியிருந்தால் அம்மாவின் முட்டியும் பாதமும் தாங்குமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்து போட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. எக்கோவுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், தோள் நோகும், ஒரு தலையணை கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஜாக்கெட் ஹூக்கைக் கழற்ற அம்மாவுக்குக் கை வராது, மகனிடம் சொல்லவும் கூச்சப்படுவார். அத்தையோ சித்தியோ யாரையாவது துணைக்கு அனுப்புங்கள்.