அப்பாவிடம் புற்றுநோயைச் சொல்வதா, மறைப்பதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. அவரிடம் ‘அல்சர்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோவார் என்று அம்மாவும் அண்ணனும் சொல்ல மறுக்கிறார்கள். அடுத்த வாரம் கீமோ தொடங்க வேண்டும். கல்லூரியில் அறவியல் படித்திருக்கிறேன். ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் சொல்லிவிடு என்கிறார், ஆங்கிலத் தத்துவ அறிஞர் மில் மறைத்துவிடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மில்லிடமிருந்தே தொடங்குவோம். உங்கள் வீட்டில் இப்போது ஓடுவது அவர் கணக்குதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்: சொன்னால் வேதனை, சொல்லாவிட்டால் நிம்மதி, ஆகவே மறைப்பதே மேல். விளைவில் நன்மை எதில் கூடுதலோ அதுவே சரி என்னும் அவருடைய பயன்வாதம், கணக்கை அவ்வளவு சீக்கிரம் முடிக்க விடாது. சொல்லும் நாளில் வரும் அழுகையோடு, இனி வரப்போகும் மாதங்கள் அத்தனையும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

கீமோ ஏற்றும் வார்டுக்கு உங்கள் அப்பா தன் காலால் நடந்து போகப்போகிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் “உங்களுக்கு எந்த இடத்துல?” என்று கேட்பார். ரிப்போர்ட் ஃபைல் ஒருநாள் அவர் கைக்கு வரும். அவர் படித்தவர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மையம் தொடங்கிய பிறகு, “அடையாறுக்குப் போகச் சொல்றாங்க” என்ற ஒரு வரியே தமிழ்நாட்டு வீடுகளில் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அவருக்குக் கடைசிவரை தெரியாது என்ற நம்பிக்கையில்தான் உங்கள் அண்ணனின் கணக்கு முழுவதும் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு.

பெரும்பாலும் நடப்பது வேறு. நோயாளி தானாகவே கண்டுபிடித்துவிடுவார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று, தெரியாதவர்போல் இருந்துவிடுவார். நான்கு பேருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்க முடியாது. ராத்திரி பயம் வந்தால் சொல்லி அழக்கூட அவருக்கு ஆள் இருக்காது. வங்கிக் கணக்கில் நாமினி போடுவது, பாகப்பிரிவினை, குலதெய்வம் கோயிலுக்கு ஒருமுறை போய்வருவது, பேச்சை நிறுத்திக்கொண்ட தம்பியைக் கூப்பிட்டுப் பேசுவது என்று அவர் செய்ய நினைக்கக்கூடிய எதற்கும் காலம் குறைவு என்பது அவருக்குத் தெரியாமல் போகும். இதெல்லாம் இழப்புதான். இதைச் சேர்க்காத கணக்கை மில்லின் பெயரில் எழுதுவது நியாயமில்லை. தன் உடலுக்கும் மனதுக்கும் அவரவரே அதிபதி என்று 1859-ல் எழுதியவரும் அதே மில்தான்.

காண்ட் விஷயத்துக்கு வருவோம். கொலைகாரன் வாசலில் வந்து கேட்டால்கூடப் பொய் கூடாது என்று அவர் 1797-ல் எழுதிய கட்டுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பொய் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவருக்கு ஒன்று கிடையாது. கேட்காத ஒருவரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிடு என்று அவர் எங்கும் கட்டளையிடவில்லை. உங்களுக்கு அவரிடமிருந்து வேண்டியது வேறொரு கருத்து: மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே, தனக்கென முடிவெடுக்கும் ஒருவராக நடத்து என்பது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பை நடத்தியவர், வீட்டின் ஒவ்வொரு முடிவையும் எடுத்தவர், தன் உடலைப் பற்றிய பேச்சில் மட்டும் குழந்தையாக்கப்பட்டு நிற்கிறார். எனக்கு உறுத்துவது இதுதான்.

‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று அண்ணன் குறள் சொல்லக்கூடும். வள்ளுவர் அதற்கு வைத்த நிபந்தனை கடுமையானது. குற்றமே இல்லாத நன்மை விளைய வேண்டும். அடுத்த குறளிலேயே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்கிறார். பல மாதம் தினமும் காப்பாற்ற வேண்டிய பொய் இது. அதைக் காப்பாற்றப்போவது பெரும்பாலும் உங்கள் அம்மா. அவர் தாங்க வேண்டியதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘நம்ம பக்கத்துல இதெல்லாம் சொல்ற வழக்கம் இல்லை’ என்பதும் அரைகுறை வாதம். 1961-ல் சிகாகோ மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் மறைப்பதையே விரும்பினார்கள். 1979-ல் அமெரிக்காவில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதை விரும்பினார்கள். இருபது வருடத்துக்குள் சிகிச்சையும் நோயாளியின் உரிமை பற்றிய எண்ணமும் மாறியிருந்தன. வழக்கம் எங்கேயும் மாறக்கூடியதுதான்.

சரி, அப்படியானால் இன்றே சொல்லிவிடலாமா? அதுவும் வேண்டாம். நீங்கள் மூவரும் உட்கார்ந்து ‘சொல்வதா, மறைப்பதா’ என்று விவாதிக்கிறீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் உரிமை அவருடையது என்றால், வேண்டாம் என்று விலக்கும் உரிமையும் அவருடையதே. கெட்ட செய்தி சொல்ல மருத்துவர்களுக்கு 2000-ல் வகுத்துத் தந்த ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையிலும் இது ஒரு தனிப் படி: செய்தியைச் சொல்வதற்கு முன், கேட்க விரும்புகிறாரா என்று கேள். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான விதத்தில் செய்வதே நற்பண்பு என்ற அரிஸ்டாட்டிலும் இங்கேதான் உதவுகிறார்.

சாப்பாடு முடிந்து அவர் நிதானமாக இருக்கும் நேரம் பாருங்கள். “அப்பா, ரிப்போர்ட் எல்லாம் வந்திருக்கு. டாக்டர் விவரமா உங்ககிட்டயே பேசட்டுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?” என்று கேளுங்கள். அப்புறம் அவசரப்படாமல் காத்திருங்கள். “என்கிட்டயே சொல்லச் சொல்லு” என்றால் மருத்துவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். “நீங்களே பாத்துக்குங்க” என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு. அதை மதிப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. சில வாரம் கழித்து ஒருமுறை மறுபடி கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். எப்போதாவது “இது கேன்சரா?” என்று நேராகக் கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே சொன்ன ‘அல்சர்’ பொய்யை மறைக்க இன்னொரு பொய் வேண்டாம். “உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரலைப்பா” என்பது உண்மை. எந்த அப்பாவுக்கும் அது புரியும். முன்பு அவருக்கு மனச்சோர்வு இருந்திருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசியிருந்தாலோ, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனநல மருத்துவரும் உடனிருக்க ஏற்பாடு செய்யட்டும். அண்ணனின் பயத்துக்கு அது நேரான பதில். அவருக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் நீங்கள் தனியே போய்ச் சொல்வது சரியாக வராது. மூவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள்.

கீமோவுக்கான ஒப்புதல் படிவம் அதற்குள் வந்துவிடும். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே வேண்டும், உறவினரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்பது 2008-ல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் சம்மதம் கொடுத்தவர் நோயாளியின் தாய். ஆகவே படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவது தீர்வாகாது. விவரம் வேண்டாம், பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று அப்பா சொன்னால், மருத்துவரே அதை அவர் வாயால் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கும்படி சொல்லுங்கள். முதல் கீமோவுக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.