ஊர்க் கணக்கு வேறு, குடியிருப்புக் கணக்கு வேறு

கேள்வி: எங்கள் வருவாய் கிராமத்தில் 2011 சென்சஸ்படி இரண்டாயிரம் பேருக்கு மேல். கிராமப் பட்டியலில் ‘பஸ் வசதி உண்டு’ என்று இருக்கிறது. ஓடைக்கு அக்கரையில் 70 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்புக்கோ மண்பாதைதான். சாலை கேட்க வழி உண்டா?
– வாசகர், திருச்சுழி

பதில்: உண்டு. சென்சஸ் பட்டியல் வருவாய் கிராமத்தை ஒரே ஊராகத்தான் பார்க்கிறது. தாய்க்கிராமத்தில் பஸ் நின்றாலே மொத்தத்துக்கும் ‘உண்டு’ என்று விழுந்துவிடும். பஸ் இல்லாத கிராமத்துக்குத்தான் எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்று (5 கி.மீ.க்குள், 5 முதல் 10, அதற்கும் மேல்) குறிப்பார்கள். அக்கரை வீடுகள் எதிலும் வராது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் அப்படியல்ல. அது குடியிருப்பைத்தான் பார்க்கும். 2000-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2028–29 வரை நடக்கும். கணக்கு 2011 சென்சஸ். சமவெளியில் 500 பேர் வேண்டும். ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று மத்திய அரசு பட்டியலிட்டுள்ள, வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களில் 250 போதும். உங்கள் விருதுநகர் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, எனவே உங்களுக்கு 250.

ஆட்கள் குறைந்தால் 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக் கணக்கிடலாம். ஆனால் இதே 500 மீட்டர்தான் பல ஊர்களுக்கு எதிராகவும் திரும்புகிறது. அந்தத் தூரத்துக்குள் ஏற்கெனவே சாலை உள்ள குடியிருப்போ, எல்லாப் பருவத்துக்கும் உதவும் சாலையோ இருந்தால் உங்களுக்கும் ‘இணைப்பு உண்டு’ என்றுதான் எழுதுவார்கள். மலைப்பகுதியில் இது நடைபாதைத் தூரமாக 1.5 கி.மீ.

முதலில் ஒன்றிய அலுவலகத்தில் குடியிருப்புப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடியிருப்பு தனிப் பெயரில் இருக்கிறதா, தாய்க்கிராமத்தோடு கரைந்துவிட்டதா என்பது அதில் தெரியும். கரைந்திருந்தால் மனு எத்தனை கொடுத்தாலும் நகராது. தனியாகப் பிரித்துக் காட்டக் கோரி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வீடுகளின் எண்ணிக்கை, சாலை முடியும் இடத்திலிருந்து தூரம், நடுவில் ஓடை குறுக்கிடுவது எல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். ஓடையை விட்டுவிட்டால் மதிப்பீட்டில் பாலம் வராது. முதல் மழையோடு சாலை துண்டாகிவிடும்.

அடுத்து நிலம். நிலம் வாங்க இத்திட்டத்தில் பணம் கிடையாது. பாதையில் பட்டா நிலம் குறுக்கே வந்தால் வேலை அங்கேயே நிற்கும். சர்வே எண்களைப் பார்த்து, உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை முன்பே வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: தார்ச் சாலை போட்டு இரண்டு வருடமாகிறது. பஸ் வரவில்லையே?
– வாசகர், கமுதி

பதில்: பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடும் சாலைகளின் தார்ப் பரப்பு பொதுவாக 3.75 மீட்டர், வண்டி நடமாட்டம் நாளுக்கு 100-க்கும் குறைவென்றால் 3 மீட்டர்தான். பஸ்ஸின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர். எதிரே டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண் ஓரத்தில் இறங்க வேண்டும். ஓரம் அரித்துப் போய் தார் விளிம்பு ஒரு சாண் உயரத்தில் தொங்கினால் எந்த ஓட்டுநரும் இறக்கத் துணிய மாட்டார். சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது விதி. அந்த விளிம்பைப் படம் எடுத்து, இத்திட்டச் சாலைகள் பற்றிய புகார்களுக்கான ‘மேரி சடக்’ செயலியில் போடுங்கள். ஊர் முனையில் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்ப முடியாமல் பின்னோக்கியே வர வேண்டிய ஊருக்குத் தடம் கிடைப்பது கடினம்.

பெரிய பஸ்ஸுக்கு வழியில்லை என்றால் மினி பஸ் கேட்கலாம். தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கி.மீ.; அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். அனுமதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்.

கேள்வி: காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊருக்குச் சாலை போட வனத்துறை அனுமதி கிடைக்குமா?
– வாசகர், பர்கூர் மலை

பதில்: சாலை போன்ற ஊர் வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க வழி செய்யும் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டிக் கேளுங்கள். சாலைக்கு எடுக்கும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குள்ளும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்.